உதை விழும் கதவு

தினமும் காலை ஆறு மணிக்கு அவன் எழுந்து பல் துலக்குவான். காபி போடுவான். பழக்கதோஷத்தில் போட்டுவிட்ட இரண்டாவது டம்ளரைத் தொட்டியில் கொட்டுவான். பின்பக்க லாயத்துக்குப் போய்க் குதிரைக்குப் புல் போடுவான். குதிரை தின்று முடித்ததும் பின்னங்காலைத் தூக்கி வெறும் காற்றை ஓர் உதை உதைக்கும். அதே நொடியில் ஊரின் மறுகோடியில் குதிரைத் தரகரின் வாசல் கதவு பிளக்கும். பிறகு அவன் குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவான்.

அவன் கட்டடங்களுக்கு வரைபடம் போடுபவன். மனைவி குதிரையேற்றப் பள்ளியில் பயிற்சி கொடுத்தவள். சொந்தமாக ஒரு ஜாதிக்குதிரை, இரண்டு வயதுக்கு மேற்படாதது, வேண்டும் என்பதுதான் கல்யாணத்துக்கு முன் அவள் போட்ட ஒரே நிபந்தனை. அப்படி ஒன்று விலைக்கு வந்த வாரம் அவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அவனை அனுப்பினாள்.

"முதல்ல, வர்றேன்னு போன் பண்ணாதே. திடீர்னு போய் நில்லு. ஊசி போட்டா எந்தக் குதிரையும் சாதுவாத்தான் நிக்கும். பல்லைப் பாரு, பேப்பர்ல இருக்கற வயசோட ஒத்துப்போகுதான்னு பாரு. கல் தரையில நடக்கவிட்டு, நாலு காலோட சத்தமும் ஒரே மாதிரி இருக்கான்னு கேளு. டாக்டரை நாமதான் கூட்டிட்டுப் போகணும்."

"நான் குதிரை வாங்கப் போறேனா, திருடனைப் பிடிக்கப் போறேனா?"

"ரெண்டும் ஒரே வேலைதான், போ."

சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வாசலில் போய் நிற்பது மரியாதையில்லை என்று வளர்க்கப்பட்டவன் அவன். பாதி வழியில் போன் செய்தான். "டாக்டர் இங்கேயே இருக்கார், நீங்க எதுக்கு சார் அலையணும்?" என்றார் தரகர். போனபோது குதிரை துணிக்கடை பொம்மை மாதிரி நின்றது. பல் சரி, பேப்பர் சரி, நாலு சத்தமும் சரி. வீட்டுக்கு வந்து, எல்லாம் நீ சொன்னபடிதான் என்றான். அவள் நம்பினாள். மூன்றாம் நாள் காலை ஊசியின் வேகம் இறங்கியிருந்தது. சாதுவான குதிரை என்று சேணத்தோடு பின்பக்கமாகப் போனவளின் நெஞ்சில் ஓர் உதை. வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாளிலிருந்து தரகரின் கதவு பிளக்கத் தொடங்கியது. அவர் தேக்குப் போட்டார், இரும்புத் தகடு அடித்தார், கடைசியில் வாசலையே செங்கல் வைத்து அடைத்தார். செங்கல்லும் விழுந்தது. வீடு மாறினார், உதையும் முகவரி கேட்காமல் கூடவே மாறியது. அந்தத் தெருக்காரர்கள் அதைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள். போலீஸ் வந்து இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து, எந்தக் குதிரைக்கும் கால் அவ்வளவு நீளமில்லை என்று எழுதிக்கொண்டு போனது. அவன் மட்டும் தினமும் நல்ல புல்லாகப் பார்த்துப் போட்டான்.

மூன்றாம் வருடம் தரகர் பாதி ஆளாக வந்து நின்றார்.

"சார், இதைத் திருப்பிக் குடுத்துடுங்க. வேற தர்றேன். நல்ல குதிரை."

"நல்ல குதிரை உன்கிட்ட இருந்துச்சா? அப்ப எனக்கு ஏன்யா இதைக் குடுத்தே?"

"நீங்கதானே சார் போன் பண்ணீங்க? திடுதிப்புனு வந்திருந்தா அன்னிக்கே மாட்டியிருப்பேனே."

அவன் தரகரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தெருவில் தள்ளினான். மறுநாள் காலை குதிரை ஒரே ஒரு உதைதான் உதைத்தது. தரகரின் கதவு பிளந்தது. அவன் வீட்டு வாசல் கதவும் பிளந்தது, அதே குளம்பளவில். அவன் தச்சனைக் கூப்பிடவில்லை. அன்று முதல் இரண்டு கதவுகளும் சேர்ந்தே பிளக்கின்றன. அவனும் புல் போடுவதை நிறுத்தவில்லை.

"குதிரையை ஒண்ணும் பண்ணிடாதீங்கன்னுதான் என் பொண்ணு கடைசியாச் சொன்னா. இல்லையா மாப்பிள்ளை?" என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அவன் திருத்துவதில்லை. மாமியார் அப்போது அங்கே இல்லை. லாயத்து வைக்கோலில் மனைவியின் தலையை மடியில் வைத்திருந்தவன் அவன். அவள் ஒரு கேள்விதான் கேட்டாள். ஆமாம் என்று அவன் தலையாட்டினான்.

"போன் பண்ணாமத்தானே போனே?"