திரும்பி வந்த மாத்திரை

மனிதனைக் கடைசிவரை கைவிடாத துணை சொல் ஒன்றுதான். விழா மேடைகளில் தொகுப்புரை வழங்கும் மணிக்குரலார் இதை மலைபோல் நம்பினார். மணிக்குரலார் என்ற பட்டத்தை அவருக்கு வழங்கியவரும் அவரே. அன்று காலை கழிவறையில் தண்ணீர் ஊற்றக் குனிந்தவர், முதல் நாள் விழுங்கிய வலிப்பு மாத்திரை முழுதாகக் கிடப்பதைக் கண்டார். ஒரு சொல்லும் துணைக்கு வரவில்லை.

புது மாத்திரை அது. நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும், ஒரு வேளை போட்டால் போதும், உடைக்காமல் விழுங்க வேண்டும் என்று டாக்டர் போன வாரம்தான் மாற்றிக் கொடுத்திருந்தார். அது கரையவே இல்லையென்றால்? போன தடவை வலிப்பு வந்தபோது அடுப்படியில் விழுந்து, தானே தெளிந்து, வாயோரம் வழிந்ததைத் தானே துடைத்துக்கொண்டவர். ஒருக்களித்துப் படுக்கவைக்க வீட்டில் ஆளில்லை. வெளியூரில் இருக்கும் அக்காவிடம் சொல்லலாமென்று போனை எடுத்தார். "எங்கேடா பார்த்தே?" என்று அக்கா கேட்பாள். போனை வைத்துவிட்டார்.

மருந்துக்கடையில் அவருக்குப் பின்னால் லாரி ஓட்டுநர் ஒருவர் நின்றிருந்தார். மணிக்குரலார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மா, தாங்கள் அளித்த மாத்திரை திரும்பி வந்துவிட்டது."

கடைக்காரப் பெண் நிமிரவில்லை. "பிரிச்ச அட்டையைத் திருப்பி எடுக்க மாட்டோம் சார்."

"நான் திருப்பவில்லை. அதுவாகவே திரும்பியது."

"ஓ, வாந்தியா?"

"மேல்வழி அல்ல."

"பின்னே?"

"காலைக்கடன் ஆற்றுங்கால்..."

ஓட்டுநருக்குப் பொறுமை போய்விட்டது. "வெளிக்குப் போனப்ப மாத்திரையும் கூடவே வந்துடுச்சாம்மா. எனக்கு இருமல் மருந்தைக் குடுங்க, வண்டி ரோட்ல நிக்குது."

மணிக்குரலாருக்குக் காதுவரை சூடேறியது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதுவே பெரிய உபகாரம்.

"அது வெறும் கூடு சார். மருந்தெல்லாம் உடம்புல இறங்கிடும், சக்கைதான் வெளியே வருது. இந்த மாத்திரைக்கு அப்படி ஆகறது உண்டு. பயந்துபோய் இன்னொண்ணு போட்டீங்களா?"

"இல்லை. இனி நசுக்கி உண்ணலாமா என்று..."

"நசுக்கினா ஒரு நாள் மருந்தும் ஒரே மூச்சுல ஏறிடும். அந்த வேலையே வேண்டாம். டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"நானும்..." என்று ஆரம்பித்தவர், அதோடு நிறுத்திக்கொண்டார்.

"சரி, தலை சுத்தல் ஏதாச்சும் இருந்தா உடனே டாக்டரைப் பாருங்க. இல்லேன்னாலும் எப்படி இருக்கீங்கன்னு வந்து சொல்லுங்க."

வாய்வார்த்தைக்குச் சொன்னதுதான். வீட்டுக்கு வந்து அந்தக் கடைசி வாக்கியத்தைத் தம் குரலில் சொல்லிப் பார்த்தார். மேடைக்கு ஆகாத, ரொம்பச் சாதாரண வாக்கியம். மறுபடியும் சொல்லிப் பார்த்தார்.

மறுநாள் காலை, இஸ்திரி போட்ட சட்டையோடு கடைக்குப் போனார். தலைசுற்றல் இல்லை என்று சொன்னதும் பேச்சு தீர்ந்துபோனது. அப்படியே திரும்ப மனமில்லாமல் பஞ்சு ஒரு பொட்டலம் வாங்கினார். அவருக்குக் காயம் எதுவும் இல்லை.