கெண்ட்வாவில் தனி அறை

சான்சிபார் தீவில் நடக்கப்போகும் கல்யாணத்துக்கு எப்படி வர வேண்டும், எங்கே தங்க வேண்டும் என்று விருந்தாளிகள் எல்லோருக்கும் கைப்பேசியில் தகவல் வந்தது. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை இல்லாமல் விமான நிலையத்துக்குக் கிளம்பாதீர்கள். பிளாஸ்டிக் பை கொண்டுவந்தால் இறங்கியதுமே பிடுங்கிக்கொள்வார்கள். ஊருக்குள் நடக்கும்போது தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். எல்லோருக்கும் மத்தியான விமானம், நுங்வி கடற்கரையில் பெரிய ஓட்டலில் அறை. இதிலெல்லாம் மணப்பெண்ணைப் பெற்ற நம்யாலோவுக்கு ஒரு குறையும் இல்லை. அவளுக்கு மட்டும் பின்னாலேயே இன்னொரு தகவல் தனியாக வந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அவளுக்கும் துணைக்கு வரும் தங்கைக்கும் காலை விமானம். தங்குவதற்குப் பக்கத்துக் கிராமமான கெண்ட்வாவில் ஒரு சின்ன விடுதி. 'கல்யாணத்தன்று கார் வரும். அதுவரை பெரிய ஓட்டல் பக்கம் வர வேண்டாம்' என்று கடைசியில் ஒரு வரி. அதற்குக் கீழே ஒரு பூவின் படம்.

புகாண்டாவின் மசாக்கா ஊரில் கோழித்தீவனம் விற்கும் தன் கடையில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள் நம்யாலோ. தங்கை நந்தோங்கோ தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"பொண்ணைப் பெத்தவளை ஊருக்கு வெளியில தள்ளுறாங்க. பூ வேற வெச்சிருக்கான் பாரு, பொணத்துக்கு வெக்கிற மாதிரி."

"சும்மா இருடி. இடம் பத்தாம போயிருக்கும்."

"கொரெட்டிக்கு மட்டும் இடம் பத்திச்சாக்கும்? கடலைப் பாத்த அறையாம் அவளுக்கு."

கொரெட்டி என்ற பெயர் காதில் விழுந்தாலே நம்யாலோ பேச்சை மாற்றிவிடுவாள். மகள் மிரெம்பே நடை பழகிய வயதில் நம்யாலோவின் கல்யாணம் முறிந்தது. பிள்ளை அப்பன் குலத்துக்குச் சொந்தம் என்பது எங்கள் புகாண்டாவில் யாரும் வாதாடாத சங்கதி. குழந்தை கம்பாலாவில் அப்பன் வீட்டுக்குப் போயிற்று. அங்கே வளர்த்தவள் இரண்டாம் மனைவி கொரெட்டி. நன்றாகவே வளர்த்துத் தொலைத்தாள், குறை சொல்லக்கூட ஒரு வழி வைக்கவில்லை. பள்ளி விடுமுறைக்கு மசாக்கா வந்துபோன மிரெம்பே இரண்டு பேரையுமே அம்மா என்றுதான் கூப்பிட்டாள். இத்தனை வருஷம் அது ஓடிவிட்டது. ஆனால் கல்யாணத்தில் எவள் அம்மா என்பது ஊர் பார்க்கத் தெரிந்துவிடும். நம்யாலோ அதற்குத்தான் பயந்தாள்.

விருந்தாளிகளின் பயணத்தைக் கவனித்துக்கொள்பவன் மாப்பிள்ளையின் நண்பன் கிஸிட்டோ. அவனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, எனக்கு மட்டும் ஏம்ப்பா தனி இடம்?"

அந்தப் பக்கம் ஒரு இருமல். "அம்மா, உங்களுக்குத் தெரியாததா?"

"நீதான் சொல்லேன், கேக்கறேன்."

"விளையாடாதீங்கம்மா. மாப்பிள்ளை சொன்ன ஏற்பாடு. அதை நான் என் வாயால சொன்னா நல்லாவா இருக்கும்?" என்று அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

உங்களுக்குத் தெரியாததா! தெரியாமல் என்ன? தள்ளிவைக்கப்பட்டவள், தீவனக்கடைக்காரி, உடம்பில் தவிட்டு வாசனை. படித்த கூட்டத்தின் நடுவே அவளை எங்கே உட்காரவைப்பது என்று சங்கடப்படுகிறார்கள். மகளுக்கே போன் போட்டுக் கேட்டாள். மிரெம்பே அப்போது தையல்காரியின் முன்னால் அளவுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"அய்யோ, அடம்பிடிக்காதீங்கம்மா. உங்களை நெனச்சாலே அவருக்கு நடுக்கமா இருக்காம். கல்யாணம் நல்லபடியா முடியட்டும்."

"நடுங்குறானா? நான் என்ன புலியா?" என்று நம்யாலோ கேட்டபோது இணைப்பு போய்விட்டது.

கெண்ட்வா விடுதி சுத்தமாகத்தான் இருந்தது. வாசலில் வேப்பமரம், காலையில் தேங்காய்ப்பால் விட்ட காராமணியும் எண்ணெயில் பொரித்த சூடான மந்தாசிப் பணியாரமும். விடுதிக்காரி மரியாதையாகப் பேசினாள். அந்த மரியாதையும் நம்யாலோவுக்குச் சந்தேகமாகவே பட்டது. நன்றாகக் கவனித்து உள்ளேயே வைத்திரு என்று காசு கொடுத்துச் சொல்லியிருப்பார்களோ?

கல்யாணத்துக்கு முந்தின நாள் நந்தோங்கோ கைப்பேசியை அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள். பெரிய ஓட்டலில் எடுத்த படம். மாப்பிள்ளை லுடாயா, முழங்கால் கிழிந்த ஜீன்ஸும் கறுப்புக் கண்ணாடியுமாக, கொரெட்டியின் தோளில் கை போட்டு அவள் வாயில் கேக் ஊட்டுகிறான். 'என் புது அம்மா' என்று எழுதியிருந்தது.

நம்யாலோ கைப்பேசியை ஒதுக்கித் தள்ளினாள். பெட்டியைத் திறந்து, நாளைக்கென்று வைத்திருந்த ஊதா கோமெசி அங்கியை எடுத்து உடுத்தினாள். தோள் இரண்டும் நிமிர்ந்து நிற்க, இடுப்பில் பட்டுப் பட்டையை இறுக்கிக் கட்டினாள்.

"கார் வரும்னாங்களே, நாளைக்கு," என்றாள் நந்தோங்கோ. இத்தனை நாள் ஊதிவிட்டவளுக்கு இப்போது உதறலெடுத்தது.

"கடல் உள்வாங்கியிருக்கு. மணல்ல நடந்தே போயிடலாம். நான் மிரெம்பேக்கு அம்மாவா இல்லையான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

"சண்டை போடாதக்கா."

"சண்டை போடத்தான் போறேன்."

நுங்வி ஓட்டலின் முற்றத்தில் மத்தியானச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கோமெசியின் விளிம்பு ஈரமாக, நம்யாலோ மணலிலிருந்து படியேறினாள். எதிரே லுடாயா. கையில் தட்டு, பக்கத்தில் கொரெட்டி. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

தட்டு கீழே விழுந்து உடைந்தது. அவன் ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டு, ஒரு பரிமாறும் பையன்மேல் மோதி, சமையற்கட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

முற்றத்தில் எல்லோரும் அந்தக் கதவைப் பார்த்தார்கள். பிறகு அவனுடைய பெரியப்பா எழுந்து கைதட்டிச் சிரித்தார். "ஓடுறான் பாரு! மாமியார் வந்துட்டாங்க, மாமியார் வந்துட்டாங்க!" பெண்கள் குலவையிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் மருமகனும் மாமியாரும் தொட்டுக்கொள்ளக் கூடாது. ஒரே கூரையின் கீழ் தூங்கக் கூடாது. எதிர்ப்பட்டால் ஒதுங்கிவிட வேண்டும். மீறினால் கைகால் நடுக்கம் வரும் என்பார்கள். சிலர் வளர்த்தவளிடமும் ஒதுங்குவார்கள். லுடாயாவின் வீட்டிலோ பெற்றவளோடு நிறுத்திக்கொள்வார்கள். இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? அந்தக் கிழிந்த ஜீன்ஸ்காரன் பார்ப்பான் என்று நம்யாலோவுக்குத் தோன்றவே இல்லை. ஆனால் அவள் நினைத்து முடிப்பதற்குள் அவள் கை பட்டையின் நுனியை இழுத்து முகத்தை மறைத்திருந்தது. உடம்பு சமையற்கட்டுக்கு முதுகு காட்டித் திரும்பியிருந்தது. அந்தத் துணிக்குள் அவள் அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள், மறைக்க என்ன இருக்கிறது?

மிரெம்பே ஓடிவந்து அவள் முன் மண்டியிட்டாள். சிரிப்பு அடங்கவில்லை அவளுக்கு. "ஏம்மா இப்படிப் பண்ணினீங்க? விமானத்துல ஒண்ணா வந்தாலே தப்புன்னு அவர் உங்களுக்குக் காலை விமானம் தேடித் தேடிப் பிடிச்சாரு. அந்த விடுதியையும் அவரே போய்ப் பாத்துட்டு வந்தாரு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்."

"தெரியும்," என்றாள் நம்யாலோ. "தெரியாம என்ன?"

சமையற்கட்டிலிருந்து கதவைத் தட்டி, மாமியார் போய்விட்டார்களா என்று மாப்பிள்ளை கேட்டான். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். கொரெட்டி மட்டும் சிரிக்கவில்லை. பழச்சாற்றுக் கோப்பையோடு நின்ற இடத்திலேயே நின்றாள். யாரும் அவளைப் பார்த்து ஓடவில்லை. காலையில் இருந்து அவன் அவள் தோளில் கை போட்டுக்கொண்டுதான் திரிந்தான்.

நம்யாலோ படியிறங்கும்போது கொரெட்டி பின்னால் வந்தாள். குரல் தழைந்திருந்தது.

"அக்கா, இங்க ராத்திரி பாட்டுச் சத்தம் தாங்கல. உங்க விடுதியில இன்னொரு கட்டில் இருக்குமா?"

நம்யாலோ அவளை நிதானமாகப் பார்த்தாள். மிரெம்பேக்குத் தலை பின்னியவள், காய்ச்சலில் விழித்திருந்தவள், பள்ளிக்கூட வாசலில் காத்து நின்றவள். எல்லாம் இவளுக்குக் கிடைத்தது.

"இல்லையே கொரெட்டி," என்றாள். "ரெண்டே கட்டில்தான்."

விடுதியில் அறைகள் பாதிக்கு மேல் காலியாகத்தான் கிடந்தன.