புகை நின்ற வீடு

தம்பி சிகரெட்டை விட்டதில் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவன், யார் சொல்லியும் கேட்காமல் ஊதித் தள்ளியவன், திடீரென்று நிறுத்திவிட்டான். ஆர்ப்பாட்டமெல்லாம் போய்ப் பசுவாகவும் மாறிவிட்டான். பேச்சு குழறினாலென்ன, வாயோரம் எச்சில் வழிந்தாலென்ன, பகலெல்லாம் குறட்டை விட்டுத் தூங்குகிறானே, அது போதாதா!

மருந்துக்கடையில் பெருமையாகச் சொன்னாள். மாத்திரை அட்டையை எடுத்த கடைக்காரரின் கை அந்தரத்தில் நின்றது.

"டாக்டர்கிட்ட சொன்னீங்களாம்மா? புகைதான் அவர் கல்லீரல் என்சைமை விரட்டி வேலை வாங்குச்சு. அது மருந்தை வேகமா அழிச்சிடும்னுதான் டோஸைக் கூட்டி வச்சிருக்காங்க. இப்ப புகை இல்ல, மருந்து உடம்புலயே தேங்கி விஷமாகுது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க!"

அவள் வீட்டுக்கு போன் செய்தாள். அம்மா எடுத்தாள்.

"மெதுவாப் பேசுடி. மாத்திரை போட்டுட்டு நல்லாத் தூங்குறான். அந்தக் குறட்டைகூட இப்பத்தான் நின்னுச்சு."