உதிர்ந்த ஒட்டகச்சிவிங்கிகள்

அட்டை வெட்டும் மெஷின் கடைசித் தாளையும் வெட்டி முடித்துக் கீச்சென்று நின்றபோது, தையல்காரர் தன் முதுகைத் தானே தட்டிக்கொடுக்கப் பார்த்தார். கை எட்டவில்லை. மேசைமேல் கெட்டி அட்டைத் தாள்கள் ஓரம் பிசகாமல் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் ஒட்டகச்சிவிங்கி, ஒரு குரங்கு, தனித்தனியாகக் கால்கள், காதுகள். பிள்ளைகள் கட்டைவிரலால் அமுக்கிப் பெயர்த்தெடுத்துச் செருகிக்கொண்டால், மேசைமேல் ஒரு குட்டிக் காடு எழுந்து நிற்கும். நாளைக்கு மகளின் வகுப்பு முழுக்கக் காடாகிவிடும்.

மகள் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வதோடு சரி. மனைவியின் முதல் கல்யாணத்துப் பிள்ளை, எட்டு வயது. இவர் அந்த வீட்டுக்குள் வந்து ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போய்விட்டன. அவள் அவரை ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை, அடம்பிடித்ததில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் "தேங்க்ஸ் அங்கிள்." தெரியாமல் காலை மிதித்தால் "பரவால்ல அங்கிள்." அம்மாவிடம் மட்டும் சீப்பு காணவில்லை என்றாலே வீடு இரண்டுபடும். இவரிடமோ, வாடகைக்கு வந்தவரிடம் பேசுகிற மாதிரி அப்படியொரு மரியாதை. அந்த மரியாதை அவர் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. வெளியே சொல்லவும் முடியாது. குழந்தை நல்ல பிள்ளையாக நடந்துகொள்கிறது என்று யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

அப்படிப்பட்டவள்தான் நேற்று அவரிடம் வந்து நின்றாள். புதுப் பள்ளிக்கூடத்தில் இன்னும் ஒரு சிநேகிதிகூடச் சேரவில்லை. வாய் தவறி, வகுப்பில் எல்லாருக்கும் அட்டை மிருகம் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டாள். "அம்மாவுக்கு நாளைக்கு வேலை இருக்காம். உங்களுக்கு டைம் இருந்தா வெட்டித் தரமுடியுமா அங்கிள்?" அவள் அவரிடம் கேட்ட முதல் உதவி. தைத்துக்கொண்டிருந்த வங்கிக்காரரின் பேண்ட்டை ஒற்றைக் காலோடு ஓரங்கட்டிவிட்டு, "நேரமா? எங்கிட்ட கொட்டிக் கிடக்கு" என்றார்.

அழைப்பிதழ் செய்து கொடுப்பது மனைவியின் தொழில். மெஷினும் அவளுடையதுதான். படத்தை லேப்டாப்பில் வரைந்து வைத்துவிட்டுப் பெட்டிகளோடு கிளம்பும்போது சொன்னாள்: "பேப்பர வைங்க, பட்டன அமுக்குங்க, எடுங்க. அதுக்கு மேல எதையும் நோண்டாதீங்க."

நோண்டாமல் இருக்கத்தான் நினைத்தார். ஆனால் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, ஒட்டகச்சிவிங்கியின் கழுத்துக்கோடு நடுவில் துளியூண்டு விட்டுப்போயிருந்தது. குரங்கின் வாலிலும் அதே கதை. எல்லாக் கோடுகளிலும் அங்கங்கே சின்னச் சின்ன இடைவெளி, தையல் தாவிப்போன சட்டை மாதிரி. பாவம், அவசரத்தில் போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். தாவிய தையலைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தால் அவர் என்ன தையல்காரர்? மனைவியின் அழைப்பிதழ்களுக்கு உதவப் போய்க் கோட்டை இணைக்கும் வித்தை வேறு கற்று வைத்திருந்தார். காலை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு இடைவெளியையும் பொறுமையாக அடைத்தார். பிறகுதான் பட்டனை அமுக்கினார். வெட்டிய தாள்களைத் தூக்காமல், கசங்கிவிடுமே என்று, மெஷினின் தட்டிலிருந்து அப்படியே வழுக்கி நகர்த்தி அடுக்கினார். அக்கறைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையைக்கூடக் கழற்றவில்லை. "முடிஞ்சுதா அங்கிள்?" என்று கேட்டுக்கொண்டே தாள் அடுக்கை இரண்டு கையாலும் தூக்கினாள்.

சடசடவென்று கொட்டியது. கழுத்துகள், வால்கள், காதுகள், யாருடையது என்று சொல்லமுடியாத கால்கள். அவள் கையில் மிஞ்சியவை ஓட்டைத் தாள்கள். ஒரு ஓட்டைக்குள்ளிருந்து அவள் கண் அவரைப் பார்த்தது.

இப்போது "பரவால்ல அங்கிள்" வரப்போகிறது என்று அவர் பயந்தார். அது மட்டும் வந்துவிட்டால் இனி இவள் தன்னிடம் ஒரு குண்டூசிகூடக் கேட்கமாட்டாள்.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க!"

குரல் தெருமுனைவரை போயிருக்கும்.

"கோடு விட்டுப்போயிருந்துச்சும்மா. நான்தான் சேத்து..."

"அது விட்டுப்போகல! அம்மா வேணும்னே விட்டது! அந்த ஒட்டு இருந்தாதான் தாள்ல நிக்கும், நாங்க அமுக்கி எடுக்கணும்! இதுகூடத் தெரியாதா உங்களுக்கு? யாரு உங்கள தொடச் சொன்னா? நாளைக்கு நான் என்னத்தக் கொண்டுபோவேன், குப்பையையா?" காலை உதைத்தாள். ஒரு குரங்கு கட்டிலுக்கு அடியில் போனது. கண்ணில் நீர் முட்டியது. அதற்கும் சேர்த்து அவருக்குத் திட்டு விழுந்தது.

வாசலில் மனைவி. "ஏய், பெரியவங்ககிட்ட இப்படியா பேசுவ?"

"நீ சும்மா இரு," என்றார் அவர். முகத்தில் ஏறிய சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். "எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும். நீ சொல்லும்மா, குப்பையையான்னு கேட்டியே, அப்புறம்?"

மகள் திகைத்துப்போய் நின்றாள். திட்டு வாங்கிக்கொண்டு இவ்வளவு சந்தோஷப்படுகிற மனுஷனை அவள் அதுவரை பார்த்ததில்லை.

மனைவி தரையையும் புருஷனையும் மாறிமாறிப் பார்த்தாள். "நீங்க வீட்ல இருக்கீங்கன்னுதான் ஒரிஜினல தனியா வெச்சிருக்கேன். அட்டையும் அலமாரில இருக்கு."

"நகருங்க," என்றாள் மகள். மூக்கை உறிஞ்சிவிட்டு லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தாள். "பட்டன நான் அமுக்கறேன். நீங்க பேப்பர் மட்டும் வைங்க. கோணலா வெக்காதீங்க. அய்யோ, அதான் கோணல்! கண்ணு தெரியுதா இல்லையா?"

"தெரியுது, தெரியுது," என்று அவர் தாளை நேராக்கினார். மெஷினின் கத்தி கிறுகிறுவென்று ஓடத் தொடங்கியது. மாலை வெயில் மேசைவரை வந்திருந்தது.

முதல் தாள் வெளியே வந்ததும் அவள் அதை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். கோடுகள் வழியே வெளிச்சம் ஊசி ஊசியாக வந்தது. அங்கங்கே ஒரு துளி இருட்டு அதை நிறுத்தியது. ஓர் உலுக்கு உலுக்கினாள். ஒன்றும் விழவில்லை. சந்தேகம் தீராமல், பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாக உலுக்கினாள். பிறகு தாளை அவர் பக்கம் நீட்டினாள்.

"நீங்களும் ஒருவாட்டி ஆட்டுங்க."

அவர் இரண்டு கையாலும் வாங்கி, தலைக்குமேல் தூக்கி ஆட்டினார். அட்டை படபடத்தது. ஒட்டகச்சிவிங்கி கழுத்தை லேசாக வெளியே நீட்டி, மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டது.