உதறும் துணியில் ஒரு வசனம்

சலூன்காரருக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று தெருவே சொல்லும். அது தவறு. மூக்கு நுனியில் இருந்தால் வருமுன் ஒரு தும்மலாவது கேட்டிருக்கும். இவருடைய கோபத்துக்கு முன்னறிவிப்பே கிடையாது.

அதைத் தினமும் வாங்கிக் கட்டிக்கொண்டவன், இரண்டாவது நாற்காலியில் வேலை பார்த்த மைத்துனன். ஒருநாள் அவன் தன் அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டான்.

"அக்கா, இன்னொரு தடவை கஸ்டமர் முன்னாடி கத்தினாருன்னா எதிர்க்கடைக்குப் போயிடுவேன். அங்க ஏ.சி. வேற இருக்கு."

சலூன்காரர் ஆடிப்போனார். மைத்துனன் கை மாதிரி இன்னொரு கை கிடைக்காது. அவன் போனால் வீட்டில் சாப்பாடு வரும், பேச்சு வராது.

அந்த வாரம்தான் சபையில் போதகர், ஆளுக்கொரு வசனத்தை எடுத்து அதன்படி வாழ்ந்து பாருங்கள் என்றார். சலூன்காரர் பைபிளில் யாக்கோபு எழுதிய வசனத்தை எடுத்துக்கொண்டார்: கேட்பதில் வேகம் வேண்டும், பேசுவதிலும் கோபப்படுவதிலும் நிதானம் வேண்டும் என்பது. அதைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார்.

சலூனில் கண்ணாடியைப் பார்ப்பது வாடிக்கையாளர். கடைக்காரர் பார்ப்பது பிடரி. வந்தவர்கள் அதைக் கடையின் சட்டம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டார்கள். அரசியல் நின்றது, கிரிக்கெட் நின்றது. கடையே பக்திமயமானது, அவர் ஒருவரைத் தவிர. ஈரத் துண்டு ஒன்றுக்காக மைத்துனனைக் கிழித்துத் தொங்கவிட்டார். நல்லவேளை, அப்போது கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. அதனால் அது கணக்கில் சேரவில்லை.

"கண்ணுல ஒட்டினா பத்தாதுங்க, கையில ஒட்டணும்," என்றாள் மனைவி. "நாள் முழுக்க உங்க கை என்ன செய்யுது?"

"துணியைப் போர்த்துறேன், உதறுறேன். வேறென்ன?"

"அப்போ உதறும்போதெல்லாம் அதைச் சொல்லுங்க."

சொன்னார். உதடு அசைவதைப் பார்த்து, தங்களைத்தான் திட்டுகிறார் என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். போகப்போக, துணியைத் தூக்கினாலே வசனம் தானாக வந்தது. வீட்டில் போர்வையை உதறினாலும் யாக்கோபு வந்து நின்றார்.

அப்படியிருக்கையில் ஒரு சனிக்கிழமை போதகரே கடைக்கு வந்தார். மறுநாள் பிரசங்கம். மீசையை லேசாக ஒதுக்கச் சொல்லி, மைத்துனனின் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்தார். மைத்துனன், முடியை ஒட்ட வழிக்காமல் அளவாக விடும் சீப்பை மெஷினில் மாட்ட மறந்துவிட்டான். ஒரே இழுப்பு. இடப்பக்க மீசை போதகரின் மடியில் கிடந்தது.

பக்கத்து நாற்காலியில் வேலையை முடித்துவிட்டு நிமிர்ந்த சலூன்காரர் அதைப் பார்த்தார். காது சிவந்தது. வாய் திறந்தது. மைத்துனனின் கண் எதிர்க்கடைப் பக்கம் போனது.

ஆனால் கை வழக்கம்போல துணியை எடுத்துவிட்டது. உதறினார். வசனம் வந்தது. கோபம் போகவில்லை. மறுபடி உதறினார். கடை முழுக்க முடி பறந்தது. காத்திருந்தவர் ஒருவர் தும்மினார். சலூன்காரர் விடாமல் உதறி, கடைசியில் பெருமூச்சு விட்டார்.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

"அந்தப் பக்கத்தையும் எடுத்துடு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும்."

போதகர் கண் திறந்தார். கண்ணாடியில் பாதி மீசையோடு ஒருவர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சபையில் யாரும் பார்த்திராத ஒரு நிறம் அவர் முகத்தில் ஏறியது. நாற்காலியை விட்டு எழுந்தார்.

"டேய்!" என்று அவர் ஆரம்பிப்பதற்குள் சலூன்காரர் துணியை அவர் கையில் திணித்தார்.

"ஐயா, பேசறதுக்கு முன்னாடி இதை ஒரு உதறு உதறுங்க. வசனம் நீங்க எடுக்கச் சொன்னதுதான்."

போதகர் துணியைப் பார்த்தார். மைத்துனனைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய் நெடுநேரம் உதறினார். எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது போதகர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எடுப்பா, மிச்சத்தையும். நாளைக்குப் பிரசங்கத்துக்குத் தலைப்பு கிடைச்சாச்சு."

மைத்துனன் மெஷினில் சீப்பு இருக்கிறதா என்று பார்த்தான். இனி அது தேவையில்லை என்று நினைவு வந்ததும் அவனுக்கும் சிரிப்பு வந்தது. வேலை முடிந்ததும் துடைப்பத்தை எடுத்துக் கடை முழுக்கப் பறந்திருந்த முடியைக் கூட்டினான்.

"மச்சான், இனிமே வெளிய போய் உதறுங்க," என்றான். "நான் எங்கயும் போயிட மாட்டேன்."