ஃபைல் விழும் தூரம்

உளவியல் துறையில் நான் தட்டச்சர். நான்கு ஆண்டுகளாக எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது: வராந்தாவில் ஃபைலைக் கீழே போடுவது. "இதத்தான் வீட்ல சும்மாவே செய்றீங்களே" என்று என் மனைவி கேலி செய்வாள்.

எல்லாம் எங்கள் பேராசிரியர் மேடத்தின் ஆய்வுக்காக. வருகிறவர்களை அறையில் இருபது நிமிடம் காக்க வைப்பார்கள். பாதிப் பேரிடம் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்பார்கள். மீதிப் பேரிடம் ஒரு வார்த்தை கிடையாது. அவர்கள் வெளியே வரும்போது நான் எதிரே நடந்துபோய் ஃபைலைத் தவறவிட வேண்டும். யார் குனிந்து எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று, அவர்கள்மேல் மட்டும் திருப்பிய கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். வருகிறவர் எந்தப் பாதி என்று எனக்கு மட்டும் தெரியவே கூடாது. அதில் மேடம் கறார்.

காரணம் சொல்லப்படாதவர்களில் உதவியவர்கள் மிகக் குறைவு என்று முடிவு வந்தது. பெரிய ஆய்விதழ் ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டது. மேடத்தின் ஒப்பந்தம் இந்த ஆண்டோடு முடிகிறது. கட்டுரை வந்தால் நிரந்தரப் பணி, வராவிட்டால் வீடுதான். ஏற்பு வந்த அன்று மேடம் என் மேசைக்கே ஒரு துண்டு கேக் கொண்டுவந்தார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாய் என்னை மட்டும் கெடுத்திருந்தால் பரவாயில்லை. கேக்கைத் தின்றபடி என் சாமர்த்தியத்தை அளந்தேன். முகத்தைப் பார்த்தே எனக்கு ஆளைத் தெரிந்துவிடும் என்றேன். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க வருகிறவர்களைக் கண்டால் பாவமாக இருக்கும். காக்க வைத்தது போதாதென்று குனியவும் வைப்பதா என்று, தள்ளிச் சுவரோரமாகப் போட்டு நானே பொறுக்கிக்கொள்வேன். சிரித்த முகங்களுக்குக் காலடியிலேயே போடுவேன்.

மேடம் தன் கேக் தட்டைக் கீழே வைத்தார். "எத்தனை பேருக்கு அப்படித் தள்ளிப் போட்டீங்க?"

"கடுகடுன்னு வந்தவங்க எல்லாருக்குமே, மேடம்."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நான்கு ஆண்டு ஆய்வில் தெரிந்தது மனிதர்களின் குணம் இல்லை, என் கைவரிசை. நம் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது, நான் மூச்சுவிட மாட்டேன் என்று கெஞ்சினேன்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தைச் சொன்னார். நான் அடித்தேன். அவர் சொல்லாமலே, தவறு முழுவதும் உதவியாளருடையது என்று ஒரு வரி சேர்த்தேன். படித்தவர் அதை அழிக்கச் சொன்னார். "தவறு, ஆய்வை வடிவமைத்த என்னுடையது" என்று தன் பெயரில் போடச் சொன்னார். நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"கெடுத்தது நான்தானே மேடம்."

"நீங்க பாவம் பாத்தீங்க, அவ்வளவுதான். ஒரு மனுஷன் நாலு வருஷம் யாரையும் பாவம் பாக்காம நடப்பான்னு நம்பினது யாரு? மனுஷங்களப் பத்திப் படிச்ச நான்தானே. டைப் பண்ணுங்க."

செய்தேன். அனுப்பும் பொத்தானை அவரே அழுத்தினார்.