எதிர் ஜன்னலில் எரிந்த விளக்கு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் சமையலறை ஜன்னல். மும்பை மாட்டுங்காவில் எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியின் ஏ விங்கும் பி விங்கும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்பவை. பி விங்கில் யார் வீட்டு மாவு புளித்தது, யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டாள், எல்லாம் எனக்குத் தெரியும். இதை வம்பு என்பார்கள். எழுத ஆரம்பித்த பிறகு இதற்கே அவதானிப்பு என்று பெயர்.

முதல் வரியாக இதைத்தான் வைத்திருந்தேன்: "அன்று மாலை தேசமே இருளில் ஒன்றுபட்டு—"

வேண்டாம். தேசம் வரை போக எனக்குத் தைரியமில்லை. சொசைட்டி போதும்.

2

சண்டை வந்தால் எப்படி இருப்பது என்று பழகிக்கொள்ள, போன மாதம் விளக்கணைப்பு ஒத்திகை நடந்தது. சைரன் கேட்டால் விளக்கை அணைத்து, ஜன்னலை மூடி, உள்ளேயே இருக்க வேண்டும். அதற்கு முன் கேட் அருகே எங்கள் சேர்மன் பஞ்சு மாமா பேசினார். எழுபது தாண்டியும் அவர் குரலுக்கு மைக் வேண்டாம்.

"செவன்ட்டி ஒன் யுத்தத்துல, எல்லாரும் லைட்ட அணைச்சாளான்னு பாக்கற வார்டன் நான். கையில ஒரு விசில், அவ்ளோதான். அப்பவும் ஒரு ஆத்துல லைட் எரிஞ்சது. கீழேர்ந்து கத்தினேனா? மூணு மாடி ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன். உள்ள பிரசவம்! கறுப்புக் கம்பளிய ஜன்னல்ல விரிச்சுப் பிடிச்சுண்டு, குழந்தை பொறக்கற வரைக்கும் திரும்பிப் பாக்காம நின்னேன். அப்பல்லாம் ஜனங்களுக்குள்ள ஒத்துமை இருந்தது. தியாகம் இருந்தது. இப்ப என்ன இருக்கு? போன் இருக்கு."

கை தட்டினோம்.

(* அந்தக் குழந்தை நான். மாமாவிடம் எனக்கு வாய் எழாததற்கு அதுதான் காரணம். இந்தக் குறிப்பை மறந்துவிடாதீர்கள்.)

3

சைரன் ஊதியது. விளக்குகள் அணைந்தன. மறுகணமே வீட்டுக்கு வீடு ஜன்னல்கள் திறந்தன. யார் அணைக்கவில்லை என்று பார்க்க வேண்டாமா? நானும் திறந்தேன்.

பி விங், மூன்றாம் மாடி. ஒரே ஒரு ஜன்னலில் மங்கலாக வெளிச்சம்.

என் பக்கத்து வீட்டு வெங்கி அதைப் படமெடுத்து சொசைட்டியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். கூடவே ஒரு வரி: "யாருக்கு சிக்னல்?" அந்தப் படத்தை மாமா—

(இந்த வாக்கியத்தை எழுதி எழுதி அழித்துவிட்டேன். சரி, முடித்துவிடுகிறேன்.)

அந்தப் படத்தை மாமா தனக்குத் தெரிந்த எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினார்.

4

அந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு முதல் வரைவில் முகேஷ் என்று பெயர் வைத்தேன். கதை மூன்று வரியில் முடிந்துவிட்டது. "அரே முகேஷ், லைட் பந்த் கர்!" என்று விளக்கை அணைக்கச் சொல்லி வெங்கி கத்தினான். முகேஷ் எட்டிப் பார்த்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆகவே உள்ள பெயரையே வைக்கிறேன்: ஜெயினுலாப்தீன். தாராவியில் தோல்பைகள் விற்கும் கடை. மனைவி மர்யம், ஒரு கைக்குழந்தை. ஊர் திருநெல்வேலிப் பக்கம். பெயரை மாற்றியதும் கதை நீளத் தொடங்கிவிட்டது. நான் நீட்டவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

5

மறுநாள் லிஃப்டுக்கு முன்னால் மர்யம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, சத்தியமா லைட்ட அமத்திட்டுத் தரையிலதான் உக்காந்திருந்தோம். பாப்பா அழுதா, போன் வெளிச்சங்கூட காட்டல. சொன்னபடிக்கு ஜன்னலயும் இழுத்துச் சாத்திட்டோம்."

"அப்பறம் எப்டிம்மா எரிஞ்சது?"

"அதான் தெரியல மாமி. காலையில கேட்டுக்கு வெளிய யாரோ நாலு பேரு, கையில போன வச்சுக்கிட்டு எங்க ஜன்னலயே பாத்துட்டு நின்னாங்க. இவுக கடைக்கே போகல."

அன்று மதியம் அவர்கள் கண்ணாடியின் உட்புறம் முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டிவிட்டார்கள். இன்றுவரை கிழிக்கவில்லை.

(இங்கே ஒரு கட்டுரைப் பத்தி இருந்தது. எழுபத்தொன்றில் ஊரே கறுப்புத் தாள் ஒட்டியது எதிரி விமானத்துக்குப் பயந்து. இன்று ஒரே ஒரு வீடு ஒட்டியிருப்பது— மீதியை எடுத்துவிட்டேன். பி விங்கை நிமிர்ந்து பார்த்தாலே தெரியும்.)

6

இருட்டியதும் வெங்கி இரண்டாவது படம் போட்டான். "தாள் ஒட்டியும் எரியறது பாருங்கோ!"

பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே ஆரஞ்சு, கீழே பச்சை. முன்னைவிடத் தெளிவு. உள்ளே கறுப்புத் தாள் ஒட்டினால் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும் அல்லவா?

எங்கள் விங்கின் மொட்டை மாடிக்கு ஓடினேன். குடியரசு தினத்துக்கு மாமா வைத்த மூவர்ண விளக்குப் பலகை பளபளத்துக்கொண்டிருந்தது. இருட்டினால் தானாக எரியும் ரகம். எங்கள் தலைக்கு மேலேயே இருப்பதால் ஏ விங்கில் யாருக்கும் தெரியாது. ஒத்திகையில் மற்ற ஜன்னல்கள் வேடிக்கை பார்க்கத் திறந்திருந்தன. மூடச் சொன்னதைக் கேட்டு மூடிய ஒரே கண்ணாடியில் அதன் பிரதிபலிப்பு விழுந்திருக்கிறது.

(பி விங்காரர்கள் பலகையை நேரிலேயே பார்த்திருப்பார்கள். ஆனால் கொடியின் நிறத்தில் எரிவதை யார் அணைக்கச் சொல்வது?)

7

மாமாவிடம் போனேன். இரண்டு படங்களையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"விஜி, இத இப்ப சொன்னா மூவர்ணத்தையே தப்பு சொல்றோம்னு ஆயிடும். படம் எங்கெங்கயோ போயிடுத்து. என் பேர்லன்னா போயிருக்கு!"

"நீங்க போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா. அன்னிக்கு ஏறிப் போனேளே."

"முட்டி வலிடி."

"இப்ப லிஃப்ட் இருக்கு மாமா."

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். "நீ தனியா இருக்கறவ. பாத்து நடந்துக்கோ."

இந்தக் கடைசிப் பேச்சுக்கு முன் "அக்கறையுடன்" என்று எழுதி அடித்தேன். "மிரட்டலாக" என்று எழுதி அதையும் அடித்தேன். எது என்று இன்னும் தெரியவில்லை.

8

முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று: இதற்காகக் கூட்டும் சொசைட்டிக் கூட்டத்தில் நான் எழுந்து உண்மையைச் சொல்கிறேன். மாமா கண் கலங்கி— இல்லை. எழுதிய எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இரண்டு: அவர்கள் காலி செய்துகொண்டு கோவண்டியில் மர்யமின் அக்கா வீட்டுக்குப் போகிறார்கள். அந்த வீட்டுக்கு முகேஷ் வருகிறான். கண்ணாடியில் அதே வெளிச்சம். யாரும் படம் எடுக்கவில்லை.

மூன்று: கேட்டுக்கு வெளியே நின்ற நால்வரும் லிஃப்டில் ஏறி— இதை எழுதமாட்டேன்.

9

கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது. மடியில் போனை மறைத்து வைத்துக்கொண்டு இதைத் தட்டுகிறேன். அவர்களைக் காலி செய்யச் சொல்ல வேண்டும் என்று வெங்கி பேசி முடித்துவிட்டான். பின்னால் நாற்காலி காலியாக இருந்தும் ஜெயினுலாப்தீன் உட்காரவில்லை. மர்யமின் தோளில் குழந்தை தூங்குகிறது.

மாமா கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்க்கிறார். என்னைத் தாண்டிப் போன பார்வை திரும்பி வந்து என்மேல் நிற்கிறது.

"யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கா?"

எனக்கு வாய் எழவில்லை. அந்தப் படம் உங்கள் போனுக்கும் வந்திருக்கலாம். அது என்ன வெளிச்சம் என்று தெரிந்தவர்கள் இப்போதைக்கு மூன்றே பேர்: மாமா, நான், நீங்கள்.